கோயிலில் வைத்த மருந்து

நோரிஸ் ரோடு லயன்,
சிங்கப்பூர்.
8-6-1958

மருதுவுக்கு அத்தான் இராமசாமி எழுதுவது. ஆத்தா புண்ணியத்தில் நாள் ஓடுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடு, ஹாஸ்டல் சோறு பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே.

நெஞ்சைப் படம் பிடிக்கும் வண்டியை லயனுக்குக் கொண்டுவந்தது உன் கூட்டாளிகள். படத்தைப் பார்த்துவிட்டுக் காச நோய் என்று வந்து சொன்னவன் நீ. அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் காகிதம்.

இதை உன் அக்காவுக்கு எழுதக் கூடாது. மங்களத்துக்கு மன்னார்குடிப் பக்கம் பேச்சு நடக்கிறது. பையன் வாத்தியார். பெண்ணின் அப்பனுக்கு நெஞ்சு நோய் என்று ஒரு சொல் அங்கே போனால் போதும், அப்புறம் எவனும் நம் வீட்டுப் படியேற மாட்டான். கல்யாணம் முடியட்டும், நானே சொல்லிக்கொள்கிறேன். ரோடு போடும் இடத்திலும் தெரிய வேண்டாம். காண்ட்ராக்டர் மறுநாளே சீட்டைக் கிழித்துவிடுவான்.

தாய் தகப்பன் இல்லாத உன்னை ஒன்பது வயதில் கப்பலேற்றிக் கூட்டிவந்தேன். இன்றுவரை உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

மருந்து சாப்பிடுகிறேன். நீ படிப்பைப் பார்.

இரா. இராமசாமி


மருத்துவ மாணவர் ஹாஸ்டல்,
சிங்கப்பூர்.
29-6-1958

அன்பான அக்காவுக்கு உன் தம்பி மருதப்பன் வணங்கி எழுதுகிறேன். நானும் அத்தானும் இங்கே சுகம். நீயும் மங்களமும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தான் தன் அப்பாவைப் பற்றிக் கேட்கச் சொன்னார், மாமாவின் மூச்சிரைப்பு குறைந்ததா?

எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர் சேவைக் குழு ஒன்று நடத்துகிறோம். படித்துப் பட்டம் வாங்கிப் பணக்காரர் நாடியைப் பிடிப்பதற்கு முன்னால் ஏழை நாடியையும் கொஞ்சம் பிடித்துப் பார்ப்போமே என்றுதான். லயன் வரிசை வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளரின் சங்கத்தோடு சேர்ந்துகொண்டோம். அவர்கள் இடம் கொடுப்பார்கள், நாங்கள் ஆள் கொடுப்போம். சனிக்கிழமை தோறும் அத்தான் இருக்கும் லயனுக்குத்தான் போகிறோம். என்னோடு சாயிரா பானு என்று ஒரு பெண் வருகிறாள். அவள் அப்பாவுக்கு அராப் ஸ்திரீட்டில் ஜவுளிக்கடை. கார் வைத்த வீட்டுப் பிள்ளை, லயன் சாக்கடையைத் தாண்டத் தாண்டச் சேலைக் கரையெல்லாம் சேறு. ஒரு வாரம்கூட வராமல் இருந்ததில்லை.

லயனில் பலருக்குக் காச நோய். இப்போது நல்ல மருந்து வந்துவிட்டது, அக்கா. ஒன்றரை வருஷம் விடாமல் சாப்பிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வான். ஆனால் யார் விடாமல் சாப்பிடுகிறார்கள்? இருமல் நின்றதும் நிறுத்திவிடுகிறார்கள். நடுவில் நிறுத்தினால் நோய் மருந்துக்குப் பழகிவிடும், பிறகு எந்த மருந்தும் ஏறாது. இதைத் தமிழில், மலாயில், சைகையில் எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஒருவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நோயாளியின் பேரைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழில் கட்டுப்பாடு, அதனால் தார்க்காரர் என்று வைத்துக்கொள். ரோட்டுக்குத் தார் ஊற்றுகிறவர். நாற்பத்து இரண்டு வயது, ஊரில் மனைவி, கல்யாண வயதில் ஒரு பெண். மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று ஒரு நாள் சாப்பிட்டால் இரண்டு நாள் விடுகிறார். அதட்ட முடியவில்லை. என்னைவிடப் பெரியவர், நல்ல மனிதர். அவர் பிழைக்காவிட்டால் நான் டாக்டருக்குப் படித்து என்ன பயன் என்று சில நாள் தோன்றுகிறது.

அத்தானுக்கு வேலை அதிகம். அதனால்தான் அவர் கடிதம் சுருக்கமாக வருகிறது. நீ வருத்தப்படாதே.

உன் தம்பி,
மருதப்பன்


ஒரத்தநாடு,
20-7-1958

என் தம்பி மருதப்பனுக்கு அக்கா பூவம்மா ஆசி சொல்லி எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். மாமாவுக்கு இரைப்பு அப்படியேதான். வயது எண்பதைத் தொடுகிறது, இனி என்ன புதுசாகவா ஆகப்போகிறது.

உன் கடிதத்தை மங்களம் இரண்டு முறை சத்தமாக வாசித்தாள். சாக்கடை தாண்டும் ஜவுளிக்கடைப் பெண்ணைப் பற்றி நீ நாலு வரி எழுதியிருப்பதையும் கவனித்துவிட்டுத்தான் வாசித்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சரியாகத்தான் இருக்கிறது. நம்ம சனத்திடம் போய்க் கிருமி, நுரையீரல் என்றால் கேட்பார்களா? டாக்டருக்குக் கொடுத்த வாக்கை மீறுவான், ஆத்தாளுக்குக் கட்டிய காப்பை மீறுவானா? தீமிதிக்குக் காப்புக் கட்டினவன் கள்ளைத் தொடுகிறானா, கவிச்சியைத் தொடுகிறானா? லயனில் மாரியம்மன் கோயில் இருக்கிறதென்று உன் அத்தான் முன்பு எழுதியிருக்கிறார். பூசாரியைப் பிடி. மருந்தை ஆத்தா காலடியில் வை. மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டி, தினம் காலையில் திருநீற்றோடு மாத்திரையையும் அவர் கையால் கொடுக்கச் சொல். வயிறு புரட்டினாலும் முழுங்குவான்.

அந்தத் தார்க்கார மனுஷன் தன் பெண்டாட்டிக்கு எழுதினாரா? எழுதியிருக்க மாட்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? அவளுக்குத் தெரிந்தால் ஒரு வேண்டுதலாவது வைப்பாள். நீயாவது எழுதச் சொல். சொல்லாமல் வைத்திருந்து ஒன்று கிடக்க ஒன்று ஆனால் அவள் உன்னை மன்னிப்பாளா?

அவருக்காக வெள்ளிதோறும் ஒரு விளக்குப் போடுகிறேன். பேர் தெரியாவிட்டால் என்ன, ஆத்தாளுக்குத் தெரியும். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்.

மன்னார்குடிக்காரர்கள் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிடித்திருக்கிறதாம். உன் அத்தானிடம் சொல்.

அக்கா பூவம்மா


சிங்கப்பூர்,
16-11-1958

அன்பு அக்காவுக்கு, தம்பி மருதப்பன். எல்லாரும் சுகம், உங்கள் சுகத்துக்கு எழுது. இத்தனை மாதம் தாமதித்ததற்குக் காரணம், உன் யோசனை பலிக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான்.

பலித்துவிட்டது. முதலில் எங்கள் குழுவில் சிரித்தார்கள். மருத்துவக் கல்லூரி மாணவன் மஞ்சள் கயிறு கட்டுகிறான் என்று ஹாஸ்டலில் எனக்குப் பூசாரி என்று பேர். லயனுக்கு வரும் டாக்டர் மட்டும், விஷத்தைத் தவிர எதை வேண்டுமானாலும் கட்டு, மருந்து உள்ளே போனால் சரி என்றார். ஆடி மாதம் காப்புக் கட்டினோம். மருந்துப் பெட்டி அம்மன் பீடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. விடிந்ததும் குளித்துவிட்டு வரிசையில் வருகிறார்கள். பூசாரி பேரைக் கூப்பிட்டுத் திருநீறு கொடுக்கிறார், மாத்திரை கொடுக்கிறார். யாரும் தப்புவதில்லை. வரிசையில் யார் நின்றார் என்று வெளியே சொல்வதில்லை என்பதும் காப்போடு சேர்ந்த வாக்கு. எங்களுக்கு முன்பே மருந்து தொடங்கியிருந்த இரண்டு பேர் போன மாதம் கெடுவை முடித்தார்கள். அம்மன் முன்னால் கயிற்றை அறுத்துச் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். பானுவும் இலையில் வாங்கிச் சாப்பிட்டாள். இதைப் பார்த்து இன்னும் இரண்டு லயன்காரர்கள் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேராசிரியர் ஒருவர் இதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறார். உன் பேரைப் போட முடியுமா என்று கேட்டேன், ஒரத்தநாட்டுப் பூவம்மா எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார்.

தார்க்காரர் ஒரு நாள் தவறவில்லை. சதை பிடித்திருக்கிறது. இருமல் இல்லை. போன சனிக்கிழமை என் தோளில் தட்டி, 'பொழச்சுக்கிட்டேன் போலயே மாப்ளே' என்றார். லயனிலிருந்து சிராங்கூன் சாலை வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே நடந்தேன், அக்கா.

அவர் மனைவிக்குச் சொல்லவில்லை. பெண் கல்யாணம் முடியட்டும் என்கிறார். அவர் சொல்லை மீற எனக்கு உரிமை இல்லை.

இனி நான் சில மாதம் லயன் பக்கம் போக முடியாது. பெரிய பரீட்சை வருகிறது, அதற்கு முன் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. பானு பார்த்துக்கொள்வாள்.

உன் அன்புத் தம்பி,
மருதப்பன்


ஒரத்தநாடு,
28-3-1959

தம்பி மருதப்பனுக்கு அக்கா எழுதுவது. நீ நல்லபடி இருக்க வேண்டும்.

மாமா போன வெள்ளிக்கிழமை விடியற்காலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். கஷ்டப்படவில்லை. தண்ணீர் கேட்டார், மங்களம் கொடுத்தாள், பாதி டம்ளர்தான் இறங்கியது. பெற்ற மகன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்க, பங்காளி மகன் கொள்ளி வைத்தான். அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

உன் அத்தானுக்கு லயன் விலாசத்துக்கு அன்றைக்கே தந்தி கொடுத்தோம். பரீட்சை நேரத்தில் உனக்கு வேண்டாமென்று விட்டுவிட்டேன். அவருக்கு முறை ஒன்றும் தெரியாது என்பதால் விவரமாகக் கடிதமும் போட்டேன். கடலில் முழுகி மொட்டை போட வேண்டும், பதினாறாம் நாள் காரியம் செய்ய வேண்டும், வருஷம் திரும்பும்வரை கோயில் வாசல் மிதிக்கக் கூடாது, காப்பு, நேர்த்தி எதுவும் கூடாது என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். மகன் முறையாக இருந்தால்தான் அப்பன் கரையேறுவார் என்றும் எழுதினேன்.

மங்களம் கல்யாணம் அடுத்த வருஷம்தான். மாமா இருக்கும்போதே தாம்பூலம் மாற்றிக்கொண்டாயிற்று, மன்னார்குடிக்காரர்களும் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். நல்ல மனிதர்கள்.

உன் தார்க்காரருக்கு விளக்குப் போட இனி ஒரு வருஷம் என்னாலும் முடியாது. பக்கத்து வீட்டு மங்கையிடம் சொல்லியிருக்கிறேன், அவள் போடுவாள். அவர் இன்னும் நன்றாக இருக்கிறாரா?

பரீட்சையை நல்லபடி எழுது.

அக்கா பூவம்மா


சிங்கப்பூர்,
5-7-1959

அக்காவுக்கு மருதப்பன். உன் உடம்பைப் பார்த்துக்கொள். மாமா போன செய்திக்கு இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன், என்னைத் திட்டு. பரீட்சை முடியும்வரை புத்தகத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அத்தானுக்கு இரண்டு வரி எழுதி ஆளிடம் கொடுத்தனுப்பினேன். நேரில் போகவில்லை. அவரும், அப்பா காரியத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வராதே, படி என்று சொல்லி அனுப்பினார். தேறிவிட்டேன்.

நேற்றுத்தான் லயனுக்குப் போனேன். அத்தான் அங்கே இல்லை. உட்லண்ட்ஸ் பக்கம் ரோடு வேலை, கொட்டகையிலேயே தங்கிவிட்டாராம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உடனே பதில் எழுது, கப்பல் தபாலில் போடாதே, விமானத் தபாலில் போடு. தகப்பன் இறந்தால் மகன் கையில் கட்டிய காப்பை அறுத்துவிட வேண்டுமா? அம்மன் காலடியில் வைத்த மருந்தை அவன் தொடக் கூடாதா? தீட்டு எத்தனை நாள்? பதினாறு நாளா, வருஷம் முழுக்கவா? நடுவில் கழிப்பதற்கு வழி உண்டா? என் ஒன்பது வயதுக்குப் பிறகு இதெல்லாம் எனக்குச் சொல்லித்தர யாருமில்லை. பூசாரியைக் கேட்டால் வருஷம் என்கிறார். அவருக்கு மேல் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று நம் ஊர்க் குருக்களைக் கேட்டு எழுது.

பயப்பட ஒன்றுமில்லை. லயனில் ஒருவருக்காகக் கேட்கிறேன்.

மருதப்பன்


ஒரத்தநாடு,
17-7-1959

மருதப்பா,

உன் கடிதம் நேற்று வந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. காலையில் மங்களத்தை மாடு கட்ட அனுப்பிவிட்டு எழுதுகிறேன்.

தார்க்காரருக்கும் அப்பன் செத்துவிட்டாரா? அவருக்கும் இந்தப் பங்குனியில்தானா? நீ எழுதின பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். நாற்பத்து இரண்டு வயது. ஒரு பெண். கல்யாணம் முடியட்டும் என்கிறார். மாப்ளே என்று உன் தோளில் தட்டுகிறார். நான் மடச்சி. என் புருஷனுக்குத்தான் விளக்குப் போடுகிறேன் என்று தெரியாமல், யாரோ ஒருத்தி பாவம் என்று நினைத்துக்கொண்டு போட்டிருக்கிறேன்.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். வருஷம்தான். ஆனால் மருந்து வேறு, காப்பு வேறு என்று இந்த ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். கயிறு போனால் போகட்டும், மாத்திரையைச் சங்கத்து அறையில் வைத்துக் கொடுத்தால் எந்தச் சாமி கோபிக்கும்? சாமி கண்ணைக் குத்தினாலும் குத்தட்டும், என் கண்ணைக் குத்தட்டும். கோயிலில் வை என்றவளும் நான்தான். கோயில் வாசல் மிதிக்காதே என்று அவருக்கு எழுதினவளும் நான்தான். எனக்குத் தெரிந்திருந்தால் அந்தத் தந்தியைக் கொடுத்திருப்பேனா? மாமா உயிரோடு இருக்கிறார் என்று இரண்டு வருஷம் பொய் எழுதியிருப்பேனே.

இத்துடன் அவருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். தீட்டு கழிந்துவிட்டது, மருந்து சாப்பிடு என்று குருக்கள் சொன்னதாக எழுதியிருக்கிறேன். குருக்களை நான் கேட்கவில்லை. நீ போய் அவர் கையில் கொடு. கொட்டகையோ காடோ, எங்கே இருந்தாலும் தேடிப்பிடித்துக் கொடு. எப்படி இருக்கிறார் என்று எழுது.

பூவம்மா


சிங்கப்பூர்,
6-12-1959

அக்கா,

தந்தி வந்து சேர்ந்திருக்கும். அதற்கு முன் நீ எழுதிய மூன்று கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. அத்தான் தேறிவிட்டார் என்று எழுதத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே உட்லண்ட்ஸ் கொட்டகையில் அவரைக் கண்டுபிடித்துவிட்டேன். தார் டின்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். மூன்று மாதத்துக்கு மேல் மருந்து இல்லை. ஏன் என்று கேட்டேன். 'அப்பா செத்த தீட்டோட ஆத்தா மருந்த எப்படிடா தொடுறது? உங்கக்கா வேற கோயில் பக்கம் போகாதேன்னு எழுதிட்டா. வயிறும் கொஞ்சம் ஓய்வு கேட்டுச்சு. வருஷம் திரும்பினா மறுபடி கட்டிக்கலாம்னு இருந்தேன்' என்றார். எனக்கு ஏன் சொல்லவில்லை என்றேன். 'பரீட்சை இல்ல ஒனக்கு?' என்றார்.

பானு இரண்டு முறை அவரைப் பார்த்திருக்கிறாள். கையில் கயிறு இல்லை. எங்கள் ஏற்பாட்டில் கயிறு இல்லாவிட்டால் மருந்து முடிந்துவிட்டது என்று பொருள். முடிந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறாள், இவர் தலையை ஆட்டியிருக்கிறார். தகப்பன் செத்த கதையை ஒரு சின்னப் பெண்ணிடம் நின்று சொல்ல அவருக்குக் கூச்சம். எங்களுக்கு முன்பே மருந்து தொடங்கியவர் என்று எண்ணி அவளும் சந்தோஷத்தோடு முடித்தவர்களில் சேர்த்துவிட்டாள். இன்று அழுகிறாள். அவள் மேல் தவறு இல்லை. கயிற்றை வைத்து ஆளை எண்ணலாம் என்று சொல்லிக்கொடுத்தது நான். கயிறு அவிழ்ந்தால் என்ன ஆகும் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

உன் கடிதம் வந்ததும் படித்துக் காட்டினேன். அன்றைக்கே மருந்து சாப்பிட்டார். ஆனால் நோய் அதற்குள் மருந்துக்குப் பழகிவிட்டது. ஆஸ்பத்திரியில் மாற்று மருந்து கொடுத்தார்கள், அதுவும் கேட்கவில்லை. உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, 'மன்னார்குடிக்குத் தெரியுமா?' என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்புறம்தான் கஞ்சி குடித்தார்.

நவம்பர் இருபத்தெட்டாம் தேதி காலையில் ரத்தமாக வாந்தி எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். படித்த படிப்பு ஒன்றும் கைகொடுக்கவில்லை. அவர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். நானே கொள்ளி வைத்தேன்.

நீ அன்றைக்குக் கேட்டாய், சொல்லாமல் வைத்திருந்தால் அவர் பெண்டாட்டி உன்னை மன்னிப்பாளா என்று. மன்னிக்க வேண்டாம்.

மருதப்பன்


ஒரத்தநாடு,
3-1-1960

மருதப்பனுக்கு,

மங்களமும் நானும் இருக்கிறோம்.

உன்னைத் திட்ட எனக்கு வாய் இருக்கிறது. மனசில்லை. பிறகு பார்க்கலாம். இப்போது ஒரு காரியம் இருக்கிறது, அதை மட்டும் செய்.

மன்னார்குடிச் சம்பந்தி துக்கம் விசாரிக்க வந்திருந்தார். என்ன உடம்புக்கு என்று கேட்டார். நெஞ்சுவலி என்றேன். திடீரென்றா என்று இன்னொரு முறை கேட்டார். ஆமாம் என்றேன். அவர் முகம் சரியாக இல்லை. டாக்டருக்குப் படிக்கிற தம்பி கூடவே இருந்தானே, அவனை விவரம் எழுதச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நெஞ்சுவலியால் இறந்தார், வேறு எந்த நோயும் இல்லை என்று அவர் விலாசத்துக்கு எழுது. நீ சொன்னால் நம்புவார். மறைத்ததற்காக உன்மேல் ஆத்திரப்பட்டவள்தான் கேட்கிறேன், தெரியும். அவர் எதற்காக வாயை மூடிக்கொண்டு செத்தாரோ அதையாவது காப்பாற்று. மங்களத்துக்கு வேறு இடம் வராது. லயனிலும் யாராவது கேட்டால் நெஞ்சுவலி என்றே சொல். நம் பக்கத்து ஆட்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள், ஒரு வாய்ச்சொல் கப்பல் ஏறினால் போதும்.

பூவம்மா


சிங்கப்பூர்,
14-2-1960

அக்கா, மங்களத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்காதே.

நீ கேட்டபடி சம்பந்திக்குக் கடிதம் எழுதினேன். நெஞ்சுவலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, உறையையும் ஒட்டிவிட்டேன். தபாலில் போடும் வழியில் லயனுக்குப் போனேன். காப்பு இல்லாத ஆட்களை ஒவ்வொருவராகக் கேட்டேன். அத்தானைப் போலவே இன்னும் மூன்று பேர் நிறுத்தியிருந்தார்கள். ஒருவருக்குத் தாயார் போய்விட்டார், ஒருவருக்குப் பெரியப்பா, ஒருவருக்கு அண்ணன் குழந்தை. மருந்தைச் சங்கத்து அறைக்கு மாற்றிவிட்டோம், இனி கோயிலுக்கு வர வேண்டியதில்லை என்றேன். அசையவில்லை. ஆத்தாளுக்கு வைத்த மருந்து எங்கே இருந்தால் என்ன என்றார்கள்.

தாயாரை இழந்தவர் பேர் பரமசிவம். அத்தானோடு தார் ஊற்றினவர். என்னைத் தனியே கூப்பிட்டு, 'இராமசாமியண்ணன் எதுல போனாரு தம்பி? நெஞ்சுவலின்னுதான சொல்லிக்கிறாங்க' என்றார். என் கை சட்டைப் பையிலிருந்த உறைக்குப் போனது. 'அப்ப மருந்த விட்டதுனால இல்லல்ல. நான் வருஷம் முடிஞ்சு கட்டிக்கிறேன்' என்றார்.

அவருக்கும் ஊரில் மூன்று குழந்தைகள். ஊர் எது தெரியுமா? மன்னார்குடி. உன் சம்பந்திக்கு இரண்டு தெரு தள்ளி.

சொல்லிவிட்டேன், அக்கா. மருந்தை விட்டதால்தான் செத்தார் என்று மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். ரத்தம் எடுத்ததைச் சொன்னேன். பரமசிவம் கயிறு இல்லாத தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். பிறகு மூன்று பேரும் என்னோடு சங்கத்து அறைக்கு வந்தார்கள். என் கண் முன்னால் மாத்திரையைச் சாப்பிட்டார்கள். ஊருக்கு எழுத வேண்டாம் என்று பரமசிவத்திடம் கேட்டுக்கொண்டேன். சரி என்றார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் வைத்துக்கொள்ளத் தெரிந்தவராக எனக்குத் தோன்றவில்லை.

சம்பந்திக்கு எழுதியதைக் கிழித்துவிட்டேன். லயனில் ஒன்றும் ஊரில் ஒன்றுமாக எனக்குச் சொல்ல வரவில்லை. வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்தால் எழுது.

மருதப்பன்


ஒரத்தநாடு,
22-5-1960

மருதப்பனுக்கு,

சம்பந்தி வீட்டார் சித்திரை கடைசியில் ஆள் விட்டுத் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். வந்தவர் திண்ணையில்கூட உட்காரவில்லை, தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. இந்தத் தெருவுக்கும் இப்போது தெரியும். மங்களம் தண்ணீருக்குப் போனால் மற்றப் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொள்கிறார்கள்.

நீ செய்தது சரியா தப்பா என்று எழுதச் சொல்லியிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. பாதி நாள் உன்னைச் சபிக்கிறேன். மீதி நாள் அந்தப் பரமசிவத்தின் பெண்டாட்டியை நினைத்துக்கொள்கிறேன். மன்னார்குடிச் சந்தையில் அவள் யாரென்று தெரியாமலே பக்கத்தில் நின்று காய் வாங்கியிருப்பேன்.

நான் உனக்கு எழுதுவதாகவே இல்லை. மங்களம்தான் காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அந்த மூன்று பேரும் மருந்தை விடாமல் சாப்பிடுகிறார்களா என்று சிங்கப்பூர் மாமாவைக் கேளுங்கள் என்றாள். நான் கேட்கவில்லை. அவள் கேட்கிறாள். அவளுக்கு எழுது.

பூவம்மா